ஆறாவது கேள்வி

மாதா கோயில் வீதியில் கிளாட்வினின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வீட்டின் முன்னறைதான் கடை. பழைய வீடியோ கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தருவதாகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஊரில் இன்னும் ஓடுகிற வீடியோ டெக் வைத்திருப்பவன் அநேகமாக அவன் ஒருவன்தான். கல்யாணம், புதுநன்மை, சுன்னத்து, மஞ்சள் நீராட்டு என்று இருபது முப்பது வருஷத்துக்கு முந்தைய விசேஷங்கள் பூஞ்சை பிடித்து அவனிடம் வந்துசேரும். அவன் ஸ்பிரிட்டால் துடைத்து, கையால் சுற்றி, படத்தை மீட்டுக் கொடுப்பான். பொறுமைசாலி என்று பெயர் வாங்கியிருந்தான்.

சிவப்ரியா ஒரு துணிப்பை நிறைய கேசட்டுகளோடு வந்தது செவ்வாய்க்கிழமை காலையில். கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறவள். அந்தக் காலத்துக் கேபிள் டிவிக்காரர்கள் உள்ளூரிலேயே எடுத்து ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்க அலை கேபிள்ல வேலை பாத்தீங்கன்னு சொன்னாங்க."

"பாத்தேம்மா. கேமரா, எடிட்டிங், கம்பம் ஏறி வயர் இழுக்கறது, எல்லாம் நான்தான்."

"'மணி அடிங்க' போட்டி மொத்தம் நூத்திப்பன்னெண்டு வாரம் வந்துருக்கு. ஒரு டேப்பு கூட இல்லியே சார். எல்லாம் எங்க போச்சு?"

கிளாட்வின் சிரித்தான். இதற்கு அவனிடம் எப்போதும் பதில் தயாராக இருக்கும். "நாங்களேதான் அழிச்சோம். எங்ககிட்ட இருந்ததே எட்டு டேப்பு. ஞாயித்துக்கிழம ஒளிபரப்பு முடிஞ்சா புதன்கிழம அதே டேப்புல யாரு வீட்டுக் கல்யாணமாவது ஏறிடும். பின்னாடி ஒருத்தர் இத தேடிக்கிட்டு வருவாங்கன்னு அப்ப யாருக்குத் தெரியும்?"

அது உண்மைதான். நூற்றுப் பதினோரு வாரங்களுக்கு அது உண்மை.

"அதான் சார், வீட்டுல பதிஞ்சு வெச்சவங்களத் தேடினேன். மூணு வாரம் கெடச்சிருக்கு." சிவப்ரியா பையின் அடியிலிருந்து ஒரு கேசட்டைத் தனியாக எடுத்தாள். "இது பத்ருன்னிசாம்மா வீட்டுப் பரண்ல இருந்துச்சு. அவங்க தம்பி அன்னிக்கிப் பார்வையாளரா உக்காந்துருந்தாராம். அவரப் பாக்கணும்னு டிவியிலேருந்து பதிஞ்சாங்களாம். தொண்ணூத்தெட்டு ஆகஸ்டு, இறுதிச்சுற்று."

கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாவின் ஓரம் முழுக்க வெள்ளைப் பொடி. கிளாட்வின் அதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பூஞ்சையைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது.

"இத எப்படியாவது எடுத்துக் குடுங்க சார். ஒருத்தங்க ரொம்ப எதிர்பாக்கறாங்க. முகநூல்ல நான் போட்டதுக்குக் கீழ எழுதியிருந்தாங்க. அந்தப் போட்டியில கலந்துகிட்டவங்களாம். சௌந்தரவல்லின்னு பேரு."

"பாக்கறேம்மா," என்றான் கிளாட்வின்.

அந்த இறுதிச்சுற்றில் ஜெயித்தவள் தன் மனைவி என்பதை அவன் சொல்லவில்லை.

*

அலை கேபிளின் முதலாளி மரியசெல்வம். நிகழ்ச்சியை நடத்தியவரும் அவரே. வெள்ளை முழுக்கைச் சட்டையும் கழுத்துப்பட்டையுமாக, கையில் அட்டைகளோடு நிற்பார். கேள்வியைப் படிப்பார். இரண்டு பேர் முன்னால் இரண்டு மேசை மணிகள். யார் முதலில் அடிக்கிறார்களோ அவர்கள் பதில் சொல்ல வேண்டும். சனிக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் படம் எடுத்து ஞாயிறு பதினோரு மணிக்கு ஒளிபரப்புவார்கள். காரைக்கால் முழுக்க அந்த ஒரு மணி நேரம் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்.

தொண்ணூற்றெட்டில் கிளாட்வினுக்கு இருபத்துநாலு வயது. மண்டபத்தூரிலிருந்து வந்து ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்த ஆக்சிலியா கால் இறுதிக்கு வந்தபோதே அவள்மீது அவனுக்குப் பிரியம் உண்டாகிவிட்டது. கேமராவை அவள் முகத்திலிருந்து நகர்த்த மறந்துபோய் மரியசெல்வத்திடம் திட்டும் வாங்கினான். இறுதிச்சுற்றுக்கு முதல்நாள், மரியசெல்வம் கையால் எழுதிய இருபது கேள்விகளை இரண்டு பிரதி எடுத்துவரச் சொல்லி அவனை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினார். அவன் மூன்று பிரதி எடுத்தான். மூன்றாவதைச் சாயங்காலம் பேருந்து நிலையத்தில் ஆக்சிலியாவின் கையில் கொடுத்தான். அவள் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது வேணாங்க" என்றாள். ஆனால் திருப்பித் தரவில்லை.

எதிரே உட்கார்ந்த பெண் சௌந்தரவல்லி. கோட்டுச்சேரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவள் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. அவளுடைய வேகம் அவளுடையது. ஆறாவது கேள்விக்கு மரியசெல்வம் படித்து முடிப்பதற்குள் மணியை அடித்து விடையைச் சொன்னாள். அரங்கம் கைதட்டியது. அப்படியும் கடைசியில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஆக்சிலியாதான் ஜெயித்தாள். கலர் டிவியைப் பரிசாக வாங்கிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுவதாக எல்லாரும் நினைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒருவர் வேர்க்கடலை மடித்த காகிதத்தைக் கொண்டுவந்து மரியசெல்வத்தின் மேசையில் விரித்தார். கேள்வித்தாள். ஜெராக்ஸ் கடையில் மை சரியாகப் பிடிக்காமல் தூக்கிப் போட்ட தாள் கடலைக்காரரிடம் போயிருந்தது. அது ஒன்றும் யார் கையிலும் சிக்கி உதவிய தாள் இல்லை. ஆனால் கேள்விகள் வெளியே போயிருக்கின்றன என்ற பேச்சு கிளம்ப அது போதுமாக இருந்தது. யாருக்குப் போயிருக்கும் என்று யோசித்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: அந்தக் கோட்டுச்சேரிப் பொண்ணு கேள்வி முடியறதுக்குள்ள மணி அடிச்சாளே!

அன்று கிளாட்வின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூல டேப்பைப் போட்டுப் பார்த்தான். ஆறாவது கேள்விக்கான கைதட்டல் அடங்குவதற்குள் மரியசெல்வம் இரண்டு அட்டைகளைச் சேர்த்துப் புரட்டி, ஏழாவது கேள்வியைத் தாண்டிவிட்டிருந்தார். சூயஸ் கால்வாய் எந்த இரண்டு கடல்களை இணைக்கிறது என்று படித்தார். ஆக்சிலியா மணியை அடித்தாள். "அனாபிலஸ்" என்றாள்.

மண்டபத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. மரியசெல்வம் குனிந்து, "என்னம்மா?" என்றார். அவள் சுதாரித்துக்கொண்டு, "மத்தியதரைக் கடல், செங்கடல்" என்றாள். இரண்டு கேள்வி தள்ளி, ஒட்டிக்கொண்டிருந்த அட்டை கண்ணில் பட்டு, மலேரியாவைப் பரப்பும் கொசு எது என்று அவர் கேட்டார். ஆக்சிலியா மறுபடியும் மணியை அடித்து, "அனாபிலஸ்" என்றாள்.

கேட்கப்படாத கேள்விக்கு அவள் பதில் சொல்லியிருக்கிறாள். மேசையில் இருந்த மைக் அதை வாங்கி வைத்திருந்தது.

மறுநாள் காலை சௌந்தரவல்லியின் அப்பா தெட்சிணாமூர்த்தி அலை கேபிள் அலுவலகத்துக்கு மாடியேறி வந்தார். சலவை வேட்டி, தோளில் துண்டு. மரியசெல்வம் வெளியே போயிருந்தார். அறையில் கிளாட்வின் மட்டும்தான்.

"தம்பி, அந்தப் போட்டி டேப்ப ஒரு தடவ போட்டுக் காட்டுறீங்களா? எம்பொண்ணு கேள்விய கேட்டுட்டுத்தான் அடிச்சேங்குது. ஊருல ஆளுக்கு ஒண்ணு பேசுறாங்க. நானே கண்ணால பாத்துட்டன்னா நாலு பேருக்குப் பதில் சொல்லிப்புடுவேன்."

டேப் டெக்கிற்குள்தான் இருந்தது.

"அழிச்சாச்சுங்க. வேற ஒண்ணு பதிஞ்சாச்சு," என்றான் கிளாட்வின்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். கிளாட்வின் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவர் போகவில்லை. எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மரியசெல்வத்துக்காகக் காத்திருக்கிறார் என்பது அவனுக்குப் புரிந்தது. மரியசெல்வம் வந்தால் டேப்பைக் கேட்பார்.

அவன் டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்றினான். எந்தப் படமும் கொடுக்காமல் பதிவுப் பொத்தானை அழுத்தினான். வெறும் கறுப்பு ஏறத் தொடங்கியது. ஒரு மணி நேரம் ஓட வேண்டும். ஐந்து நிமிஷம் ஆனபோது நிறுத்தியிருக்கலாம். பத்து நிமிஷம் ஆனபோதும் ஆறாவது கேள்வி டேப்பில் பத்திரமாகத்தான் இருந்தது. நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து அவரைக் கூப்பிட்டிருக்கலாம். அவன் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். டேப் முடிந்தபோதும் கீழே அவர் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு மரியசெல்வம் திரையில் தோன்றி, நேர்மைக் குறைவு காரணமாக இரண்டாம் பரிசு திரும்பப் பெறப்படுகிறது என்று அறிவித்தார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

*

கேசட்டைத் துடைத்துச் சீராக்க கிளாட்வினுக்கு இரண்டு நாள் ஆனது. வியாழன் மதியம், ஆக்சிலியா பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், கடைக் கதவைச் சாத்திவிட்டு ஓடவிட்டான். நிறம் வெளுத்திருந்தது. மேலே கோடு கோடாக ஓடியது. இருந்தாலும் எல்லாம் தெரிந்தது. ரெட்டைச் சடை போட்ட சௌந்தரவல்லி. பச்சைத் தாவணியில் ஆக்சிலியா. பிறகு ஆறாவது கேள்வி, அதன்பின் ஹெட்போனில் மெல்லிய குரலில், "அனாபிலஸ்."

இறந்துபோன ஒன்று உயிரோடு திரும்பி வந்ததுபோல் இருந்தது. தான் அழித்தது ஒரு டேப்பைத்தான், ஊரில் எத்தனை வீட்டில் டெக் இருந்ததோ அத்தனை வீட்டிலும் இது இருந்திருக்கக்கூடும் என்பது இத்தனை வருஷத்தில் அவனுக்குத் தோன்றியதே இல்லை.

அவன் சிவப்ரியாவுக்குப் போன் செய்தான். "அந்த இறுதிச்சுற்று மட்டும் வரலம்மா. பூஞ்ச தின்னுடுச்சு. நாடா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு பிஞ்சுபோச்சு."

"ஐயோ. கொஞ்சங்கூட வரலையா சார்?"

"கொஞ்சங்கூட வரல."

போனை வைத்தபிறகுதான் கவனித்தான். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரியவரிடம் பேசிய அதே குரலில், அதே பணிவோடு பேசியிருக்கிறான். கேசட்டை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டு மூடினான். உடைத்துப்போடக் கை வரவில்லை. அது நல்லெண்ணமா கோழைத்தனமா என்று அவனுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் ஆக்சிலியாவிடம் விஷயத்தைச் சொன்னான். இப்படி ஒரு கேசட் வந்தது, வீணாகிவிட்டது என்று.

"அப்பாடா," என்றாள் ஆக்சிலியா. சொன்ன வேகத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள். பரீட்சையில் பார்த்து எழுதும் பிள்ளையைப் பிடித்தால் திட்டமாட்டாள், தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று மற்ற ஆசிரியைகள் சொல்வார்கள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

*

சௌந்தரவல்லி சனிக்கிழமை காலை வந்தாள். நாற்பத்தாறு வயது. திருமலைராயன்பட்டினம் தபால் நிலையத்தில் வேலை. பேரைச் சொல்வதற்கு முன்பே கிளாட்வினுக்குத் தெரிந்துவிட்டது. அவன் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

"சிவப்ரியா சொன்னாங்க, டேப்பு போயிடுச்சுன்னு. பரவால்லீங்க, போனது போவுட்டும். அந்தப் பிஞ்சத மட்டும் ஒரு தடவ பாக்கலாமா?"

"அதுல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே."

"தெரியுது." அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது நீங்க. ஆறாவது கேள்வின்னு ஒண்ணு. அத நான் கேட்டுட்டுத்தான் மணி அடிச்சேன்னு அப்பாட்ட சத்தியம் பண்ணேன். கேக்காமயே அடிச்சேன்னு ஊரே சொல்லுச்சு. அண்ணன் காலேஜுக்குப் போவக் கூடாதுன்னுட்டாரு. அடுத்த வருஷமே கல்யாணம். சரி, அது ஆச்சு. ரெண்டு புள்ள பொறந்தப்பறம் தபால்ல படிச்சு டிகிரி வாங்குனேன், வேலைக்கும் வந்துட்டேன். எனக்கு அது இல்லீங்க."

"பின்ன?"

"எனக்கே சந்தேகம் வந்துருச்சு. எத்தினி பேரு எத்தினி வருஷம் சொல்லிட்டாங்க. ஒருவேள அந்தக் கேள்விய முன்னாடியே எங்கேயாவது கேட்டுருப்பேனோ, யாராவது சொல்லிக்குடுத்து நான் மறந்துட்டேனோன்னு தோணும். அப்பா சாவுற வரைக்கும் என்ன நம்புனாங்க. நான்தான் என்ன நம்பல. அதான் ஒருக்கா பாத்துடலாம்னு வந்தேன்."

அவள் அழவில்லை. தபால் நிலையத்தில் ஒருவருக்குப் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னாள்.

கிளாட்வின் இழுப்பறையைத் திறந்து கேசட்டை எடுத்தான். அதை டெக்கில் நுழைத்தான்.

"நாடா பிய்யல. பொய் சொன்னேன். பாருங்க," என்றான்.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். திரையைப் பார்த்தாள். மரியசெல்வத்தின் குரல் வந்தது. "ஆறாவது கேள்வி. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா எந்த ஆண்டு விண்ணில்..." மணி அடித்தது. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு!"

"இன்னொரு தடவ," என்றாள் சௌந்தரவல்லி.

அவன் சுற்றிப் போட்டான்.

"எந்த ஆண்டுன்னு கேட்டப்பறம்தான் அடிச்சிருக்கேன்."

"ஆமாங்க."

"இன்னொரு தடவ போடுங்க."

ஐந்து தடவை போட்டான். ஐந்தாவது தடவை அவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, "போதும்" என்றாள்.

"போதாதுங்க. இதுக்கடுத்தத கேளுங்க," என்று கிளாட்வின் ஹெட்போனை நீட்டினான். அவள் கேட்டாள். புரியவில்லை. அவன் கொசுக் கேள்வி வரைக்கும் ஓட்டி, மறுபடி பின்னால் சுற்றிக் காட்டினான். அவள் முகம் மெதுவாக மாறியது.

"இந்தப் பொண்ணுக்குத்தான் கேள்வி போயிருக்கு."

"ஆமா. குடுத்தது நான். அந்தப் பொண்ணு என் வீட்டுக்காரி. நான்தான் அப்ப கேமராவுல இருந்தேன்."

உள் வாசலில் ஆக்சிலியா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் பாதி உரித்த வெங்காயம் இருந்தது.

சௌந்தரவல்லி அவளைப் பார்த்தாள். பிறகு கிளாட்வினைப் பார்த்தாள். "எங்கப்பா வந்து கேட்டாங்க. அழிச்சாச்சுன்னு ஒரு தம்பி சொன்னதா சொன்னாங்க. அது நீங்களா?"

"நான்தான்."

"அப்ப டேப்பு அழிஞ்சிருந்துச்சா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதைச் சரிபார்க்க உலகத்தில் யாரும் இல்லை.

"இல்ல," என்றான். "டெக்குலதான் இருந்துச்சு. அவங்க கீழ நின்னுகிட்டு இருந்தப்பதான் அழிச்சேன். ஒரு மணி நேரம் ஆச்சு. அவங்க நின்னது எனக்கு ஜன்னல்ல தெரிஞ்சுது."

ஆக்சிலியாதான் முதலில் வாய் திறந்தாள். "அவங்க அப்பா வந்தது எனக்குத் தெரியாது. எப்பயும்போல அழிஞ்சதுன்னு நீங்க சொன்னீங்க." அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாலும் அது சௌந்தரவல்லிக்குச் சொன்னதுபோல் இருந்தது. உடனே, "தெரியாதுங்கறதுக்காக நான் ஒண்ணும் நல்லவ இல்ல. தாள வாங்காம இருந்துருக்கலாம். வாங்குனேன்," என்றாள்.

சௌந்தரவல்லி எழுந்தாள். "இத அப்படியே பென் டிரைவுல ஏத்திக் குடுங்க. ஒரு துளி கூட வெட்டக் கூடாது. சிவப்ரியாட்டயும் குடுத்துருங்க."

"சரிங்க. அவங்ககிட்ட நடந்ததையும் சொல்லிடுறேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன். நூலகத்துல எல்லாரும் இருக்கப்ப..."

"நூலகத்துல இருக்கறவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது," என்று அவள் குறுக்கிட்டாள். "அவங்ககிட்ட சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது? எங்க ஊருக்கு வாங்க. எங்கண்ணன்கிட்ட சொல்லுங்க. நாளைக்கி மத்தியானம்."

*

ஞாயிறு பூசை முடிந்து கிளாட்வினும் ஆக்சிலியாவும் கோட்டுச்சேரிக்குப் பேருந்து ஏறினார்கள். முதல்நாளிலிருந்து அவர்களுக்குள் பேச்சு இல்லை. "நீ வர வேணாம், நான் மட்டும் போறேன்" என்று கிளாட்வின் சொல்லியும் அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

சௌந்தரவல்லி நிறுத்தத்தில் நின்றாள். கடைத்தெருவைத் தாண்டி, வாய்க்கால் ஓரமாகக் கூட்டிப்போனாள். அண்ணன் செல்லையன் அறுவடை இயந்திரத்துக்கு ஆள் பேசிவிட்டு அப்போதுதான் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. தங்கையோடு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. யாரு வல்லி, ஆபீஸ்காரங்களா?"

"இல்லண்ணே. அவங்க சொல்லுவாங்க."

கிளாட்வின் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. ஜெராக்ஸ் கடை, மூன்றாவது பிரதி, அனாபிலஸ், டெக்கில் இருந்த டேப் எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தன. நடுவில் ஆக்சிலியா குறுக்கிட்டு, "தாள வாங்குனது நான்தாங்க" என்றாள். செல்லையனின் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்றாள்.

அவன் முடித்தபின் செல்லையன் தன் ஈரமான கைகளைப் பார்த்தார். கோபத்தில் எழுவார், கை ஓங்குவார் என்று கிளாட்வின் எதிர்பார்த்தான். அப்படி நடந்தால் சுலபமாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"அன்னிக்கி அப்பா என்னையும் கூப்பிட்டாரு," என்றார் செல்லையன். "கூட வாடா, டேப்ப பாத்துட்டு வருவோம்னாரு. நான் போவல. திருட்டுப் பொண்ணுக்குப் பரிஞ்சுகிட்டுப் போறியான்னு கேட்டேன். பெத்தவர அப்படிக் கேட்டேன்." தங்கையைப் பார்க்க நிமிர்ந்தவர் பாதியிலேயே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "ஒன் புஸ்தகத்தயெல்லாம் நான்தான் எடைக்குப் போட்டேன் வல்லி."

"தெரியும்ணே."

"நீ ஒண்ணுமே சொல்லலியே."

"சொன்னேன். ஒரு மாசம் சொன்னேன். அப்பறம் விட்டுட்டேன்."

செல்லையன் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வரவில்லை. உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. அவர் மனைவி இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்கச் சொல்லவும் இல்லை, எடுத்துப் போகவும் இல்லை. கிளாட்வினுக்கு அந்த டம்ளரைத் தொடத் துணிவில்லை. ஒரு ஆளின் பாரத்தை இறக்கிவைக்க வந்து, இன்னொரு ஆளின் தலையில் ஏற்றிவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது.

"கிளம்புங்க," என்றாள் சௌந்தரவல்லி. "மூணு மணி பஸ்ஸு வந்துரும்."

நிறுத்தம்வரை கூடவே வந்தாள். வயலில் கதிர் சாய்ந்திருந்தது. யாரோ எதிரே வந்தவர், "என்ன வல்லி, வீட்டுக்கு ஒரம்பரை வந்துருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். "ம்," என்றாள் அவள்.

நிறுத்தத்தில் ஆக்சிலியா அவள் கையைப் பிடித்தாள். "எங்கள மன்னிச்..."

சௌந்தரவல்லி கையை விலக்கிக்கொண்டாள். முரட்டுத்தனமாக இல்லை. "இப்ப கேக்காதீங்க. இப்ப கேட்டீங்கன்னா சரின்னு சொல்லிடுவேன். யாரு என்ன சொன்னாலும் சரின்னு சொல்லியே எனக்குப் பழக்கம். அதனால கேக்காதீங்க."

ஆக்சிலியா தலையாட்டினாள். பேருந்து வந்தது. கூட்டமாக இருந்தது. ஆக்சிலியாவுக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது. கிளாட்வின் பின்படிக்கருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது சௌந்தரவல்லி ஊருக்குள் திரும்பி நடந்துகொண்டிருந்தாள். அண்ணன் வீட்டுக்குத்தான் போகிறாள்.

இறங்கி வீதியில் நடக்கும்போது ஆக்சிலியா முதல் தடவையாக அவனிடம் பேசினாள். "நாளைக்கி ஹெட்மிஸ்கிட்ட நானே சொல்லப்போறேன்."

"எதுக்கு? அந்த சிவப்ரியா பொண்ணு அத நூலகத்துலதான் வெக்கப்போவுது."

"எங்க வெச்சாலும் பிள்ளைங்க கையில போன் இருக்கு. அதுங்க பாத்துட்டு என்கிட்ட வந்து கேக்கறதுக்கு முன்னாடி நான் சொல்லிடணும்."

"வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆவட்டும்."

சிவப்ரியா அடுத்த மாதம் அந்த ஒரு மணி நேரத்தை வெட்டாமல் இணையத்தில் ஏற்றினாள். கீழே கிளாட்வின் எழுதிக் கொடுத்த ஒரு பக்கமும் அவன் பெயரோடு இருந்தது. இருநூறு பேர்கூடப் பார்க்கவில்லை. பார்த்தவர்களிலும் பாதிப் பேர், அந்தக் காலத்து மண்டபம், அந்தக் காலத்துச் சட்டை என்றுதான் எழுதினார்கள். ஒருவர், கேபிள் டிவி போட்டிதானே, இதற்குப் போய் இவ்வளவா என்று கேட்டிருந்தார். அதைப் படித்தபோது கிளாட்வினுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா என்று நினைத்தான்.

தலைமையாசிரியை ஆக்சிலியாவை வேலையிலிருந்து அனுப்பவில்லை. பரீட்சைப் பொறுப்பை மட்டும் அவளிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார். அவள் அதை வீட்டில் சொன்னபோது, "நியாயந்தானே," என்று சேர்த்துக்கொண்டாள். சௌந்தரவல்லி அதன்பிறகு கடைப்பக்கம் வரவில்லை.